வண்டிலில் போன வீடு

அந்த வீட்டில் நான் முதலில் அளந்தது தெருவாசல் படலையை. தெருவில் போகிறவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நிற்கட்டும் என்று இரு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே சிறு கூரையும் போட்ட படலை அது. அளவு நாடாவின் நுனியை அதன் வலது சுவரில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும்.

"இடிக்கிறதுக்கு அளக்கிறியளோ, வைச்சிருக்கிறதுக்கு அளக்கிறியளோ?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்லும் பழக்கம் இன்னும் வரவில்லை. "இடிக்கிறதுக்குத்தான், அம்மா" என்றேன். அவர் என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். பிறகு, நான் வசதியாக அளப்பதற்காகப் படலையின் இரண்டு கதவுகளையும் முழுதாகத் திறந்துவிட்டார்.

அது யுத்த காலம். நாற்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் வடக்கே விமானங்கள் இறங்குவதற்குத் திடல் அமைக்கவென்று அரசாங்கம் காணிகளை எடுத்துக்கொண்டிருந்தது. எடுபடும் காணிகளில் உள்ள கட்டடங்களை அளந்து படம் கீறுவது என் வேலை. இணுவிலிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். எனக்கு மேலே, நில அளவைக்குப் பொறுப்பான ஒரு சேவையர் ஐயா இருந்தார். கூரையுள்ள எதையும் விடக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். அந்த வீடும் தாயிடமிருந்து மகளுக்கு என்று நாலு தலைமுறையாகக் கைமாறி அந்த அம்மாவிடம் வந்திருந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் அவருடைய பெயர்தான் இருந்தது. அவருடைய கணவர் மலாயாவில் ரயில்வேக் கிளாக்கர். யப்பான்காரர் மலாயாவைப் பிடித்தபிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. வீட்டில் அந்த அம்மாவும், அவருடைய தங்கையின் மகளான பன்னிரண்டு வயதுப் பெண்ணும் இருந்தார்கள். தங்கை உயிரோடு இல்லை.

அளந்து முடிக்க நாலு நாள் பிடித்தது. நாற்சார் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் விறாந்தை, விறாந்தைக்குப் பின்னால் அறைகள். நான்கு கூரைகளிலிருந்தும் விழும் மழைநீர் முற்றத்திலேயே இறங்கி, கல் வாய்க்கால் ஒன்றினால் வெளியே போய் வாழைகளுக்குப் பாயும். சுவர்கள் இரண்டடிப் பருமன். தோட்டம் செய்வதற்காக நிலத்தைக் கொத்தியபோது அடியில் கிடைத்த சுண்ணக்கல்லைத்தான் சுவராக வைத்திருந்தார்கள். ஆகவே தோட்டம் ஆழமாக ஆழமாக வீடும் உயர்ந்திருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவரின் கல்லையும் தோட்டத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்த கல்லையும் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

வீட்டைவிட என்னைக் கவர்ந்தது அதைச் சுற்றியிருந்த சிறு கட்டடங்கள்தான். அடுக்களை தனிக் கட்டடம். அதுவும், புகையிலைக்குப் புகை போடும் குடிலும் வடகிழக்கே நின்றன. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். மாட்டுக்கொட்டிலின் தரை தோட்டத்துப் பக்கமாகச் சரிந்திருந்தது. கழுவிவிடும் தண்ணீர் எருவோடு சேர்ந்து நேரே பாத்திக்குப் போகும். வண்டில் கொட்டில், வைக்கோல் கொட்டில், கிணற்றடி என்று ஒவ்வொன்றுக்கும் படத்தில் ஓர் எண் இட்டேன். கட்டியவர்கள் படம் கீறத் தெரியாதவர்கள். ஆனாலும் எந்தக் கட்டடத்தையும் இன்னோர் இடத்துக்குத் தள்ளிவைத்து இதைவிட நன்றாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பதினோராவது எண்ணுக்கு வந்தபோதுதான் அப்படிச் சொல்ல முடிந்தது. அது காணியின் தென்மேற்கு மூலையில், கிணற்றுக்கும் அடுக்களைக்கும் எட்டாமல் நின்ற துடக்குக் கொட்டில். வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாளும், பிள்ளை பெற்றால் முப்பத்தொரு நாளும் அங்கேதான் இருக்க வேண்டும். எட்டடி நீளம், ஆறடி அகலம். யன்னல் இல்லை. வாசலில் குனிந்துதான் நுழைய முடியும். காணியில் மாரித் தண்ணீர் தேங்கும் பள்ளமும் அந்த மூலைதான். உள்ளே மண்சுவரில் ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறிய கறை இருந்தது. மற்றப் பத்தையும் காற்றையும் தண்ணீரையும் பார்த்து வைத்தவர்கள், இதை மட்டும் தூரத்தைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

"உதையும் அளக்கவேணுமோ, தம்பி?" என்றார் அந்த அம்மா. அவர் கொட்டிலுக்குக் கிட்ட வரவில்லை.

"ஓம் அம்மா. கூரையுள்ள எல்லாத்தையும் அளக்கச் சொல்லியிருக்கினம்."

நான் அளவுகளைக் கொப்பியில் எழுதும்வரை கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரிடமோ விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்:

"என்ரை தங்கச்சி உதுக்கைதான் பிள்ளை பெத்தவள். கார்த்திகை மழை. தரையெல்லாம் தண்ணி ஊறிப்போச்சு. வீட்டுக்குள்ளை கொண்டுவருவமெண்டு கேட்டன். முப்பத்தொண்டு கழியட்டுமெண்டு அம்மா சொன்னா. பதினைஞ்சாம் நாள் காய்ச்சலிலை போயிட்டாள். நான் ஒருக்கால்தான் கேட்டனான், தம்பி. ரெண்டாந்தரம் கேக்கேல்லை."

நாடாவைச் சுருட்டினேன். அந்தத் தங்கையின் பெண் அப்போது கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

படலையில் சைக்கிளை எடுக்கும்போது அவர் பின்னால் வந்தார். "உந்தப் படத்திலை எனக்கும் ஒண்டு கீறித் தருவியளோ?"

"ஏனம்மா?"

"நீர்வேலியிலை எங்களுக்கு ஒரு தோட்டக் காணி கிடக்கு. வீட்டைப் பிரிச்சு அங்கை கொண்டுபோகப்போறன். அவர் வந்தால், வீடு எங்கையெண்டு தேடித் திரியலாம். வீட்டுக்குள்ளை வந்தபிறகு தேடித் திரியப்படாது."

அரசாங்கப் படத்தைப் பிரதி செய்து வெளியே கொடுக்கக் கூடாது. அதுவும் யுத்த காலம், விமானத் திடல். வேலை போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. "ஓம், அப்பிடியெண்டால் வேண்டாம்" என்று திரும்பினார். அவர் இரண்டாந்தரம் கேட்காததுதான் என்னை அரித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத எங்கள் அலுவலகக் கந்தோரில் உட்கார்ந்து, படம் படியெடுக்கும் மெழுகுத் துணியில் ஒரு துண்டை வெட்டி, பதினொரு எண்களோடும் வீட்டைக் கீறி முடித்தேன். சைக்கிள் பம்பைப்போலச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காணியை விடுவதற்கு மூன்று கிழமைத் தவணை. கூரை இறங்கிய முதல் நாளும் சுவர் இடித்த நாளும் நான் அங்கே போனேன். கழற்றிய ஒவ்வொரு மரத்திலும் என் படத்தின் எண்ணைக் கரியால் எழுதினார்கள். முதிரைக் கதவுகள் நிலையோடு வெளியே வந்தன. ஓடுகளுக்கு இடையில் வைக்கோல் செருகி வண்டில்களில் அடுக்கினார்கள். அந்த அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுததாகத் தெரியவில்லை. சுவர் விழுந்தபோது மட்டும், கல்லைத் தவறவிட்ட ஓர் ஆளை ஏசினார்.

இரண்டு மாதம் கழித்து, நீர்வேலியில் சுவர்கள் எழும்பிவிட்ட பிறகு, யாரோ கொண்டுவந்து கொடுத்த அந்த மெழுகுத் துணிச் சுருளைச் சேவையர் ஐயா என் மேசையில் விரித்து வைத்தார்.

"ஆருக்குக் கீறிக் குடுத்தனீர்?"

"வீட்டுக்காரியிட்டைக் குடுத்தனான், சேர்."

அவர் துணியைத் திரும்பச் சுருட்டினார். "நான் மேலை எழுதினால் உம்மடை வேலை போகும். மன்னாரிலை ஓர் ஆள் தேவையாம். நாளைக்கே போய் இரும்" என்றார். மன்னாரில் மூன்று வருடத்துக்கும் மேலாக உப்புக் காற்றில் இருந்தேன். அவரை நான் குறை சொன்னதில்லை.

யுத்தம் முடிந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்ததும் நீர்வேலிக்குப் போனேன். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்தப் படலை நின்றது. உள்ளே போய் முற்றத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. அடுக்களையிலிருந்து இறங்கும் படிகள் மட்டும் இரண்டாக இருந்தன. பழைய வீட்டில் அவை மூன்று. என் படத்தில்தான் பிழை. அவர்கள் அதையும் அப்படியே கட்டியிருந்தார்கள்.

விறாந்தையில் மெலிந்த ஒருவர் இருந்தார். கணவர். மலாயாவிலிருந்து உயிரோடு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "படம் கீறின தம்பி" என்று அந்த அம்மா என்னைக் காட்டியதும் அவர் எழுந்து என் கையைப் பிடித்தார்.

"வந்த அண்டைக்கு அடுக்களையாலை இறங்கேக்கை, இல்லாத படியிலை காலை வைச்சு விழப்பாத்தன்" என்று சிரித்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என் கண் தென்மேற்கு மூலைக்குப் போனது. அங்கே கட்டடம் எதுவும் இல்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நானும் உதைத்தான் கேட்டனான். எல்லாம் இருக்கு, மூலையிலை ஒரு கொட்டில் நிண்டதெல்லோ, அது எங்கையெண்டு" என்றார்.

"நான் என்ன சொன்னனான், அதையும் தம்பிக்குச் சொல்லுங்கோவன்" என்றார் அந்த அம்மா.

"'அதை நான் கொண்டுவரேல்லை' எண்டு சொன்னவ. அவ்வளவுதான்."

"பெரியவை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"சொல்லிச்சினம். சில பேர் இங்கை தண்ணி வெந்நி குடிக்கிறதில்லை" என்றார் கணவர், அமைதியாக. "பிள்ளை அந்த மூண்டு நாளும் தெற்கு அறையிலை படுக்கிறாள். அதிலை ரெண்டு யன்னல்."

அந்தப் பெண் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். நான் புறப்படும்போது கணவர் என்னை அந்த மூலைக்குக் கூட்டிப் போனார். மனைவியின் பதிலைக் கேட்ட மறுநாளே அந்த நிலத்தைக் கொத்திக் கத்தரி நட்டாராம். செடிகள் முழங்கால் உயரத்துக்கு நின்று காய்த்திருந்தன. ஒரு கூடை நிறையப் பிடுங்கி, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிவிட்டார். இணுவிலில் எங்கள் வீட்டில் மூன்று நாள் கத்தரிக்காய்க் கறி.