பார்க்கும்போது நிமிரும் முதுகுகள்

பிசியோதெரபி கல்லூரியில் வேலை செய்யும் இடத்தை உடம்புக்குப் பொருத்துகிற எர்கோனாமிக்ஸ் பாடம் எடுத்த காலம் முழுக்க, முதல் வகுப்பில் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிவந்தேன். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்ததும் வேலை செய்பவர் வேறு மாதிரி உட்காருவார். அதனால் அவருக்குத் தெரியாமல் போய்ப் பாருங்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பில் இருக்கிற அத்தனை முதுகும் நிமிர்ந்துவிடும். அதையே உதாரணமாகக் காட்டுவேன். மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பாடத்தில் சிரிக்க வேறு இடம் கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு மிஞ்சியவை இரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குடியிருக்கும் தொம்மலூரிலிருந்து ஆட்டோ பிடித்து அடுகோடிக்குப் போய், ஒரு சங்கக் கட்டடத்தில் இலவச சிகிச்சை முகாம் நடத்துவது ஒன்று. ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையின் பாதுகாப்புக் கமிட்டியில் வெளி நிபுணராக இருப்பது மற்றொன்று. கமிட்டியில் நிபுணரின் கடமை, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வருகைப் பதிவில் கையெழுத்திடுவது. இரண்டையும் குறையில்லாமல் செய்துவந்தேன்.

முகாமுக்குத்தான் ஒரு பெண் வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, குள்ளமான உருவம். சட்டைக்குக் காலர் வைக்கிற டைலர். வலது கை பின்னந்தலை வரை எழும்பவில்லை. மகள்தான் ஜடை போட்டுவிடுகிறாளாம். வேலையில் எப்படி உட்காருவாய் என்று கேட்டதும், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, வலது தோளைக் காதுவரை தூக்கி, காலை ஒரு பக்கமாக நீட்டிக் காட்டினாள். மேஜை அவள் உயரத்துக்கு அதிகம், பெடல் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதற்கு ஈடுகொடுத்துத் தோள் பழுதாகியிருக்கிறது. மேஜையைத் தாழ்த்தாமல் தோளை மட்டும் சரிசெய்ய முடியாது.

"வேலைய விடுன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம்," என்றாள். "ஹெல்பரா சேந்து டைலர் ஆகறதுக்குள்ள எம் பொண்ணு பெரியவளாயிட்டா. திரும்ப ஹெல்பரா போனா லைன்ல ஒருத்தியும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா."

விடச் சொல்ல மாட்டேன் என்றேன். பயிற்சிகள் கொடுத்தேன். முதுகை நிமிர்த்தி, முழங்கையை உடம்போடு ஒட்டி, தோளைத் தளர்த்தி உட்காருவது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தேன். அந்த மேஜையில் அப்படி நெடுநேரம் உட்கார முடியாது என்று சேர்த்தே சொன்னேன். முதல் பாதியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கே வேலை என்று கேட்டேன். நான் பிஸ்கட் சாப்பிடுகிற அதே தொழிற்சாலை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, அது எனக்குத் தலைகீழாகத் தெரியும். வேலை செய்பவரைக் கவனித்து, கழுத்து, தோள், முதுகு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். எங்கள் கணக்கில் மதிப்பெண் கூடினால் ஆபத்து. அவளுடைய இடத்துக்கு அதிக மதிப்பெண் வந்தால் நிர்வாகம் மேஜையை மாற்றியே ஆக வேண்டும். அவள் டைலராகவே இருக்கலாம்.

சொல்லாமல் வந்து பார்க்கலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டேன். தாராளமாக வாருங்கள், கேட் பாஸுக்கு மட்டும் முன்கூட்டியே தேதி சொல்லிவிடுங்கள் என்றார்கள். எந்த லைன், என்ன காரணம் என்பதையும் சொல்ல வேண்டுமாம். மனிதவளப் பிரிவு மேலாளர் உற்பத்திப் பிரிவுக்குச் சொன்னார். உற்பத்திப் பிரிவு சூப்பர்வைசருக்குச் சொன்னது. செல்போனில் படம் எடுக்கலாம் என்றால், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்; உள்ளே தைப்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் புது டிசைன். ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. அப்படிப்பட்ட விதிகள் சிலவற்றை நானே கல்லூரியில் எழுதியிருக்கிறேன்.

கழுத்தில் விசிட்டர் அட்டையோடு உள்ளே போனபோது, லைன் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. எல்லாரையும்விட நேராக உட்கார்ந்திருந்தவள் அவள்தான். தோள் தளர்ந்து, முழங்கை ஒட்டி, முகாமில் நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே இருந்தது. மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. இடது பக்கம் தைக்காத பீஸ்கள் குவிந்துகொண்டிருந்தன.

குனிந்து சன்னமாகச் சொன்னேன்: "அன்னைக்கு எனக்கு உக்காந்து காட்டினியே, அப்படி உக்காரும்மா. தினம் எப்படியோ அப்படி."

"தினம் இப்படித்தான் மேடம்," என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். "நம்ம லைன்ல இவங்கதான் மேடம் டாப்பு," என்றார்.

அலுத்துப்போய் வளைவாள் என்று காத்து நின்றேன். அவள் வளையவில்லை. பார்த்ததை எழுது, ஊகித்ததை எழுதாதே என்று சொல்லி எத்தனையோ மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்தவள் நான். பார்த்ததை எழுதினேன். அந்த லைனில் நான் போட்டதிலேயே மிகக் குறைவான மதிப்பெண் அவளுடைய இடத்துக்குத்தான் வந்தது.

மேலாளரிடம் உண்மை நிலை இதுவல்ல என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிஸ்கட்டும் வந்தது.

"நோடி மேடம், உங்க மார்க்கே எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது. அப்புறம் நீங்களே டேபிள் சரியில்லைன்னா, ஆடிட்ல என்னைக் கேக்க மாட்டாங்களா? சும்னே எதுக்கு?" என்றார், பாதிக் கன்னடத்தில்.

அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த அம்மாவின் தோளுக்கு என்ன செய்யலாம் என்று அவராகவே கேட்டார், அவராகவே பதிலும் கண்டுபிடித்தார். மேஜையில் குறை இல்லை என்றால் குறை உடம்பில்தான், ஆகவே இலகுவான வேலை கொடுத்துவிடலாம். வேலையை மாற்றிக் கொடுப்பதும் எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள பரிந்துரைதான். வேண்டாம் என்று நான் வாதாடியதை, அந்த யோசனையின் பெருமையை ஏற்க மறுக்கும் அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வெளியே வரும் வழியில், தண்ணீர்க் குழாயருகே அவள் காத்திருந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு கேட்டாள்: "பாஸாயிட்டேனா மேடம்?"

 தலையை ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது.

அடுத்த சில ஞாயிறுகள் அவள் முகாமுக்கு வரவில்லை. வந்தபோது ஹெல்பர் ஆகியிருந்தாள். நின்றபடியே, தைத்து வரும் சட்டைகளில் நூல் வெட்டும் வேலை. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா, நான்தான் பழைய மாதிரி உக்காரச் சொன்னேனே?" என்றேன்.

"அதெப்படி மேடம்? அவ்ளோ தூரம் சொல்லிக் குடுத்தீங்க. உங்க முன்னாடியே கோணலா உக்காந்தா, இவளுக்குப் போய் சொன்னோமேன்னு நெனக்க மாட்டீங்களா? வலி உயிர் போச்சு. நீங்க போற வரைக்கும் அசையல."

மறு மதிப்பீடு கேட்டுப் பார்த்தேன். வேலையாள் வேலை செய்கிற இடத்தில்தான் மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது விதி. காலர் வைக்கும் இடத்தில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். நெட்டையானவள். அந்த மேஜை அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று மேலாளர் சந்தோஷமாகச் சொன்னார்.

அன்று முகாமில் அவளுடைய கையைத் தூக்கிப் பார்த்தேன். காது வரை வந்து நின்றுவிட்டது. வேறு என்ன செய்வது? நின்று வேலை செய்கிறவர்களுக்கும் எங்களிடம் முறை உண்டு. ஒரு காலைச் சிறு பலகைமேல் வைத்து, பிறகு மாற்ற வேண்டும். முட்டியைப் பூட்டிவைக்கக் கூடாது. செய்து காட்டினேன். பலகை அங்கே தருவார்களா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நிக்கிறதையும் வந்து பாப்பீங்களா மேடம்?"

"கேட்டுப் பாக்கறேன்."

"வந்தா முன்னாடியே சொல்லிடுங்க," என்றாள். அதற்குள் நான் காட்டியபடியே, ஒரு பிழையும் இல்லாமல், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.