கோடியை அடைத்த ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணன் மைசூருக்குக் குடிவந்தது வீட்டைப் பார்த்து அல்ல, தண்ணீரைப் பார்த்து. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. போட்ட போர்வெல் எல்லாம் புழுதியைக் கக்கிவிட்டு ஓய்ந்தன. மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்ததும் நிலத்தை விற்றுவிட்டு, மைசூரின் ஓரத்தில் ஓர் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த லேஅவுட்டில் வீடு வாங்கினார். நான் மைசூருக்கு நடுவே அக்ரஹாரம் என்கிற பகுதியில் இருப்பவள். கோயிலும் கடையும் காலடியில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அங்கே எதற்கு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"அம்மிணி, காலைல எந்திரிச்சா தண்ணி கண்ணுல படோணும். எனக்கு வேற எதும் வேண்டாம்" என்றார்.

அது பெரிய அணை ஒன்றும் இல்லை. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரை மறிக்க, யாரோ எந்தக் காலத்திலோ மண்ணைக் கொட்டி இறுக்கிய கரை. மேலே இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்கலாம். ஒரு முனையில் மட்டும் கரை தாழ்ந்து கல் பாவியிருக்கும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த வாய் வழியாக வழிந்து ஓடையில் இறங்கும். அதை இங்கே கோடி என்பார்கள். மழை எவ்வளவு கொட்டினாலும் கரை அதை வாங்கி வைத்துக்கொண்டு, கோடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால்தான் கீழே நாலு தெரு ஆட்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். மண்கரைக்கு ஒரே ஒரு விஷயம் ஆகாது, தண்ணீர் அதன் தலைக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் மண் கரைந்துவிடும். இதை எனக்குச் சொன்னதே அண்ணன்தான்.

அந்த வருஷம் ஆவணியிலேயே ஏரி நிரம்பிவிட்டது. லேஅவுட் பெண்கள் முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து ஏரிக்கு பாகினம் விட்டார்கள். நிறைந்த ஏரியைச் சுமங்கலியாக நினைத்துச் செய்யும் மரியாதை அது. அண்ணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். அண்ணன் கைலியோடு கோடியருகே உட்கார்ந்திருந்தார். வழிந்து போகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், பூஜை முடிந்து எல்லோரும் பிரசாதம் தின்றுகொண்டிருந்தபோது என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்.

"இத்தனையும் வீணாப் போகுது பாரு. பாத்தா வயிறு எரியுது."

"அடுத்த ஏரிக்குப் போகுதுண்ணா. நீ என்ன, வழியற தண்ணிக்கு எல்லாம் காவலா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஓடுவது இயல்பு. எங்கள் அண்ணனுக்கு அது கண்ணெதிரே களவு போவது மாதிரி. ஆயுள் முழுக்க மேகத்தைப் பார்த்துக் கழுத்து வலித்த மனுஷன். லேஅவுட்டில் மற்றவர்களுக்கு வேறு கணக்கு. கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். ஏரியில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நின்றால் தங்கள் போர்வெல்லில் ஊற்று ஏறும் என்று பேசிக்கொண்டார்கள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வாட்ஸப்பில் செய்தி போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிவிட்டார்கள்.

அது ஒரு திருவிழா மாதிரிதான் நடந்தது. பாதியில் நின்ற ஒரு கட்டடத்திலிருந்து மணல் வந்தது. செயலாளர் பழைய அரிசிச் சாக்குகளைக் கொண்டுவந்தார். பேங்க் மேனேஜர் அரைக்கால் சட்டையோடு மண்வெட்டி பிடித்தார். அவர் மண்வெட்டியைப் பிடித்த அழகைப் பார்த்து அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். மூட்டையை எப்படி ஒன்றின்மேல் ஒன்று கட்டுமானம்போல அடுக்குவது என்று அண்ணன்தான் காட்டிக்கொடுத்தார். ஊரில் வரப்பு கட்டிய கை அல்லவா. மதியத்துக்குள் கோடி அடைபட்டது. அண்ணி போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, ஓடையில் தண்ணீர் நின்றுபோனதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் படம் எடுத்து குரூப்பில் போட்டார்.

அண்ணனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "பெரிய மழை புடிச்சா அன்னைக்கே எடுத்துப்போடலாம், நாலு பேரு நின்னா நாழியாகாது" என்று அவரே சொன்னார். ஆனால் பெரிய மழை பிடிக்கும் என்று அவர் மனது நம்பவே இல்லை. அவர் அறிந்த மழை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகும் மழை. எங்கள் ஊர்க்காரன் எவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

ஐப்பசியில் அது வந்தது. வெள்ளிக்கிழமை தூறலாகத் தொடங்கி, சனிக்கிழமை முழுக்க விடாமல் கொட்டியது. இரவுக்குள் விட்டுவிடும் என்று அண்ணனும் இருந்துவிட்டார். ஞாயிறு காலையில் அண்ணியின் போன்.

"கண்ணு, ஏரி கரை மட்டத்துக்கு வந்துபோச்சாமா. கரைக்கு இந்தப் பக்கம் மண்ணுத் தண்ணி கசியுதுன்னு உங்கண்ணன் மொகமே சரியில்ல. நீ கொஞ்சம் வாயேன்."

ஆட்டோ பிடித்துப் போனேன். அண்ணன் கோடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். நான் தடுத்தேன். ஃபயர் சர்வீஸுக்குப் போன் செய்யலாம் என்றேன். செய்தாயிற்று, அவர்கள் வரும் வழியில் மரம் விழுந்து பாதை அடைத்திருக்கிறது, வர நேரமாகும் என்றார்.

"அதுவரைக்கும் கரை நிக்காது அம்மிணி. கீழ எத்தன கொழந்தைங்க இருக்குது. அடுக்கத் தெரிஞ்சவனுக்கு எடுக்கத் தெரியாதா?"

போய்விட்டார். சங்கத்து ஆட்கள் குடையோடு கரைமேல் நிற்பது வாசலிலிருந்து தெரிந்தது. கோடி எங்கள் கண்ணுக்குத் தெரியாத வளைவில் இருந்தது. நானும் அண்ணியும் வீட்டுக்குள் அரிசி டின்னையும் துணிமணியையும் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வந்தால் முதலில் வருவது அந்த வீட்டுக்குத்தான். அண்ணி ஏற்றுவதும் நடுவில் நின்று காது கொடுப்பதுமாக இருந்தார். நானும் அப்படித்தான்.

அப்போது ஓடையில் சத்தம் கேட்டது. முதலில் லேசாக, பிறகு ஒரேயடியாக, லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோலத் தண்ணீர் இறங்கும் சத்தம். அண்ணியின் முகம் மலர்ந்தது. கையிலிருந்த துணியை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "தொறந்துபோட்டாரு கண்ணு! தொறந்துபோட்டாரு!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கடவுளே, நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அண்ணன் மூட்டைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத்தான் உருவியிருக்கிறார். மணல் நனைந்து மூட்டை ஒவ்வொன்றும் கல்லாகக் கனத்திருக்கிறது. கரையிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அவர்களும் போயிருப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஆறவில்லை. பாதியில் மொத்த அடுக்கும் ஒன்றாகச் சரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரோடுதான் அவரும் போனார். நாங்கள் கேட்டுச் சந்தோஷப்பட்ட சத்தம் அதுதான். மாலையில் ஓடைப் பாலத்துக்கு அப்பால் முள்புதரில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

கரை நின்றது. கீழே நாலு தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் நுழையவில்லை. அண்ணன் வீட்டில் பரண்மேல் ஏற்றிய அரிசியைத்தான் மறுநாள் கீழே இறக்கி வாய்க்கரிசி எடுத்தோம்.

காரியம் முடிந்த பிறகு அரசு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து அண்ணியிடம் வருத்தம் சொன்னார். பிறகு, ஏரிக் கோடியை அடைப்பது குற்றம், யார் அடைத்தது என்று கன்னடத்தில் கேட்டார். வாசல் கேட்டுக்கு வெளியே சங்கத்தார் எல்லோரும் நின்றிருந்தார்கள். செயலாளர் நின்றார், மேனேஜர் நின்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். குரூப்பில் இருந்த படங்கள் எப்போதோ காணாமல் போயிருந்தன. கடைசியில் செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவர்தான் ஸார், பாவம். விவசாயி. தண்ணி மேலே ரொம்ப ஆசை" என்றார்.

அத்தனை பேர் பெயரையும் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அதிகாரியைப் பார்த்து, அமைதியான ஹனூர்க் கன்னடத்தில், "ஆமாம் ஸார். எங்க வீட்டுக்காரர்தான். அவர் ஒருத்தர்தான்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

உள்ளே வந்து நான் கத்தினேன். கையாலாகாதவர்களுக்காக அண்ணன் பெயரைக் கெடுத்துவிட்டீர்களே என்று கேட்டேன். அண்ணி அழவில்லை. அத்தனை நாளும் அழுத கண் அது.

"போனவரு மேல கேசு போட முடியுமா கண்ணு? இவங்க மேல போட்டா, வேலைக்குப் போறவங்க, குடும்பஸ்தருங்க. அதுக்குமேல, நீ அக்ரஹாரத்துக்குப் போயிருவ. எம்பொண்ணு பெங்களூருக்குப் போயிருவா. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, நான் தட்டறதுக்கு இந்தக் கதவுகதான இருக்குது."

எங்களோடு வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த வீட்டை விட்டு அவர் வர மாட்டார் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

அன்று மாலை செயலாளரின் மனைவி கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். அண்ணி எழுந்து போய், "உள்ள வாங்க" என்று கூப்பிட்டு, கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டார். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. அண்ணி சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் அந்த அம்மாளிடம் சொன்னார்.