சூடம் கொளுத்தும் இடத்தில் ஒரு சோதனை

போன வருடம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நடந்தது இது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மேஜை நாற்காலி போட்டுக் கோப்பு புரட்டுகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். பெங்களூரில் பல வருடம் சிப் வடிவமைப்பு வேலை பார்த்துவிட்டு, கணவருக்கு இங்கே நூற்பாலையில் வேலை அமைந்ததால் ஊரோடு வந்து சேர்ந்தேன். இப்போது வீட்டில் இருந்தபடியே இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கிறேன். என்ன வேலை என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். அவர்களும் பிரிண்டர் ரிப்பேருக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் இங்கே கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

நான் வேலை செய்கிற சிப்புக்கு எஃப்.பி.ஜி.ஏ. என்று பெயர். கடையில் வாங்கும்போது அதற்கு எந்த வேலையும் தெரியாது. உள்ளே ஏராளமான சின்னச் சின்ன உறுப்புகள் சும்மா கிடக்கும். என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால், ஒரு மென்பொருள் எதை எதோடு இணைக்கலாம் என்று பார்த்துப் பாதை போடும். இதில் நேரம்தான் எல்லாம். சிப்புக்குள் ஒரு கடிகாரம் விநாடிக்குப் பல கோடி தடவை 'டிக்' அடித்துக்கொண்டிருக்கும். ஒரு டிக்கில் கிளம்பிய செய்தி அடுத்த டிக்குக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அது வந்ததாகவே கணக்கில்லை.

அதனால் எந்தச் செய்தி எவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நாம் எழுதிக் கொடுப்போம். டைமிங் கன்ஸ்ட்ரெய்ண்ட் என்பது அதுதான், நேரக் கட்டுப்பாடு. எந்தப் பாதை அதற்கு அடங்கவில்லையோ அதை மென்பொருள் சிவப்பில் காட்டும். ஒரு பாதைக்கு அவசரமே கிடையாது என்று தோன்றினால், "இதைப் பார்க்க வேண்டாம், விட்டுவிடு" என்றும் எழுதலாம். அப்படி எழுதிவிட்டால் அதன்பிறகு மென்பொருள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. எட்டயபுரம் போக வேண்டியவரைப் பசுவந்தனை சுற்றிக் கூட்டிப்போகிற டவுன் பஸ் மாதிரி ஒரு வழியைப் போட்டுவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறிய கம்பெனி, பெட்டியில் தீக்குச்சி அடைக்கும் எந்திரம் ஒன்றைச் செய்திருந்தது. குச்சிகளைக் கேமரா பார்த்து எண்ணும். எண்ணுவதற்குத்தான் அந்த சிப். கூடவே தீக்காவல் என்று ஒரு வசதியையும் சேர்த்திருந்தார்கள். அடைக்கிற இடத்தில் உரசலில் ஒரு குச்சி பற்றினால், சென்சார் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். உடனே ஒரு இரும்புத் தகடு இறங்கி, மேலே தொட்டியில் கிடக்கும் குச்சிக் குவியலைத் தனியாகப் பிரித்துவிடும். தண்ணீரும் பாயும். தகடு இறங்காவிட்டால் நெருப்பு குவியலுக்குப் போய்விடும். குவியல் பற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த எந்திரம் நான் முதலில் சொன்ன ஆபீஸுக்கு வந்து இறங்கியிருந்தது. நான் உள்ளூரில் இருப்பதால், போய்ப் பார்த்து எல்லாம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றது கம்பெனி. மறுநாள் காலை பூஜை போட்டு ஓட்டுவதாக ஏற்பாடு.

பூஜைக்கு முதல்நாள் காலையிலேயே போனேன். செருப்பையும் செல்போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எந்திரத்தில் உட்காரப்போகும் அக்கா, தன் சேலையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். குச்சிக் குவியலுக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவே கை நீட்டுகிற தூரம்தான். இடது முழங்கைக்குக் கீழே பழைய தீத்தழும்பு ஒன்று இருந்தது. வேறொரு இடத்தில் கையால் அடைக்கும்போது பட்டதாம்.

"தரையில உக்காந்து உக்காந்து முட்டி போச்சு தங்கச்சி. இனி மகராணி கணக்கா சேர்ல உக்காந்து வேல பாப்பேன். நாளைக்கு மொத ஆளு நாந்தான், மொதலாளி அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

தீக்காவலைச் சோதித்துக் காட்டச் சொன்னேன். பக்கவாட்டில் கண்ட்ரோல் பெட்டியில் இருந்த சிவப்புப் பொத்தானை அவரே அழுத்தினார். தகடு 'டக்' என்று இறங்கியது. எத்தனை தடவை அழுத்தினாலும் இறங்கியது. எனக்கும் திருப்திதான். வீட்டுக்கு வந்து, கம்பெனி அனுப்பியிருந்த சிப் வடிவமைப்பைத் திறந்தேன். ரிப்போர்ட்டில் ஒரு சிவப்பு கிடையாது. ஆனால் நேரக் கட்டுப்பாடுகள் எழுதிய இடத்தில், தீக்காவல் பாதைக்கு நேராக "விட்டுவிடு" என்று ஒரு வரி இருந்தது. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை.

கம்பெனியில் அதை எழுதிய தம்பிக்குப் போன் செய்தேன். நல்ல பையன், கெட்டிக்காரனும்கூட.

"அது டெஸ்ட் பட்டன் பாதைங்க்கா. விரல் எடுக்கிற வரைக்கும் சிக்னல் அப்படியே நிக்கும். ஒரு டிக்குல வந்தா என்ன, பத்து டிக்குல வந்தா என்னங்க? அதான் விட்டுட்டேன். டைமிங் எல்லாம் பாஸ்" என்றான்.

"நீ பாக்க வேண்டாம்னு எழுதிட்டுப் பாஸ்னா எப்படி தம்பி? சென்சார் சிக்னலும் அதே பாதையிலதான வருது?"

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பொத்தான் அழுத்தினால் செய்தி நின்று நிதானமாகப் போகும். சென்சார் அப்படியில்லை. தீயைப் பார்த்த கணத்தில் ஒரே ஒரு டிக் அளவுக்கு "தீ" என்று சொல்லிவிட்டு அடங்கிவிடுமாறு எழுதியிருந்தான். அந்த ஒரு டிக் தவறினால் மறுபடி சொல்லாது. பிறகு அவனே மெதுவாகச் சொன்னான்: "நெசத் தீ வச்சுப் பார்த்ததே இல்லீங்க்கா. அங்க கேட்டுலயே தீப்பெட்டியப் புடுங்கி வச்சுட்டாங்க. அதனாலதான் பட்டனே வச்சேன்."

அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குள் தீக்குச்சி உரசுவதைப்போல் பெரிய குற்றம் கிடையாது. ஆயுத பூஜைக்கு எந்திரத்துக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். சூடம் மட்டும் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில் கிடக்கும் ஒரு கருங்கல்லின் மேல்தான் கொளுத்துவார்கள். சாமியே கல்லுக்கு வந்து கும்பிடு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆக, தீயைப் பிடிக்கும் எந்திரம் ஒன்று தீயையே பார்க்காமல் விற்பனைக்கு வந்திருந்தது.

மத்தியானமே திரும்பிப் போய் முதலாளியிடம், ஒரு தடவை குச்சி கிழித்துப் பார்க்க வேண்டும் என்றேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், நெற்றி நிறையத் திருநீறு. என்னைப் பார்த்த பார்வையில் நான் சிலையைத் திருட வந்தவள் போல் உணர்ந்தேன்.

"என்னம்மா சொல்லுதீங்க? எங்கய்யா காலத்துலருந்து இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு பய குச்சி கிழிச்சது கிடையாது. பட்டன அமுக்குனா எறங்குதுல்லா, பெறகு என்ன?"

எனக்கும் முழு நிச்சயம் இல்லை. பாதை சுற்றிப் போகிறது என்று தெரியும். சூடு ஏறினால் சிப்புக்குள் செய்தி இன்னும் மந்தமாகும் என்றும் தெரியும். தவறியே தீரும் என்று சொல்ல முடியாது. அதை இவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, அவர் தொழிலையே எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, மருந்து முக்குன குச்சி காயிறதுக்கு நேரம் வச்சிருக்கீங்கள்ல? யாராவது அந்தக் குச்சியக் காயவே வைக்காம, காஞ்சிட்டு காஞ்சிட்டுன்னு சொன்னா அடைப்பீங்களா? இங்க இந்த ஒரு பாதைக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு."

அந்த அக்கா எந்திரத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. முதலாளியும் அதைப் பார்த்தார். "சரி, அங்கன சூடம் கொளுத்துத எடத்துல வச்சுப் பாப்போம்" என்றார்.

கரண்ட் வேலை பார்ப்பவர் கண்ட்ரோல் பெட்டியையும் சென்சாரையும் தகட்டை இழுக்கும் காந்தத்தையும் கழற்றிக் கொண்டுவந்தார். வாட்ச்மேன் அறையிலிருந்து ஒயர் இழுத்து, கருங்கல்லின் மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். எதிரே அறுப்பு முடிந்த கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நிழல் என்று சொல்ல ஒரு கருவேல மரம், அதுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்ன அண்ணாச்சி, வெயிலுக்குப் பூசையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குச்சியை நான் கிழிக்கப் போனேன். "வேண்டாம், நானே கிழிக்கேன்" என்று முதலாளி வாங்கிக்கொண்டார். ஊர் ஊராகத் தீப்பெட்டி அனுப்புகிற மனிதருக்குக் குச்சி கிழிக்கத் தெரியவில்லை! பீடி சிகரெட் பழக்கம் இல்லை, வீட்டில் கேஸ் லைட்டர். முதல் குச்சி ஒடிந்தது, இரண்டாவது காற்றில் அணைந்தது. பின்னாலேயே வந்திருந்த அந்த அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மூன்றாவது பற்றியது. காந்தம் 'டக்' என்றது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்தது, டக். அடுத்ததும் டக். வெயிலில் கண்ட்ரோல் பெட்டியின் தகரத்தைத் தொட முடியவில்லை. எனக்குள் இரண்டு எண்ணம் ஓடியது. எல்லாம் சரியாக இருந்துவிட்டால் நல்லது என்று ஒன்று. அப்படி இருந்துவிட்டால் இந்த ரோட்டில் என் மானம் போகும் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் கொஞ்சம் பலமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெட்டி நன்றாகக் கொதித்த பிறகு ஒரு குச்சியைக் கிழித்தார். சென்சாருக்கு நேராகப் பிடித்தார். சத்தம் வரவில்லை. குச்சி எரிந்து விரலைச் சுடும்வரை பிடித்திருந்தார். ஒன்றுமே நடக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். டக். மறுபடி குச்சி. ஒன்றுமில்லை. அதற்கடுத்த குச்சிக்கு டக் என்றது, அதற்கடுத்ததுக்கு இல்லை.

என் மானம் பற்றிய நினைப்பெல்லாம் போய்விட்டது. உள்ளே, தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வேளைகளில் அந்த எந்திரமும் இதே அளவுக்குக் கொதிக்கும். பக்கத்து நாற்காலியில் நாளை அந்த அக்கா உட்கார்ந்திருப்பார்.

முதலாளி எரிந்த குச்சியைக் காலால் மிதித்துத் தேய்த்தார். "நாளைக்குப் பூசை கிடையாது. கம்பெனிக்காரவியட்ட சொல்லிருங்க" என்றார். சத்தமில்லாமல் சொன்னார். நாற்காலி தள்ளிப்போனதில் அந்த அக்காவுக்குத்தான் வருத்தம். "எம்புட்டு நாளு ஆவும் தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று சாயங்காலமே தம்பி அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மென்பொருளை மறுபடி ஓட்டினான். ரிப்போர்ட்டில் தீக்காவல் பாதை செக்கச்செவேல் என்று வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பாதையைச் சுருக்கினோம். "தீ" என்பதை ஒரு தடவை சொல்லி அடங்காமல், தகடு இறங்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும்படி மாற்றினோம். பிறகு அதே கல், அதே வெயில். தம்பி கோயம்புத்தூரிலிருந்து நேரில் வந்து நின்றான். முதலாளி ஒரு தீப்பெட்டி முழுவதையும் கிழித்தார். கடைசிக் குச்சிகளில் கை நன்றாகப் பழகிவிட்டிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகுதான் அந்தக் கல்லிலேயே சூடம் கொளுத்தினார்கள்.

ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தேன். கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கரிந்த வாடை லேசாக வந்தது. கேட்டை நோக்கி ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அக்கா வந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையில் திறந்த தூக்குவாளி.

"ஏ தங்கச்சி, நீ நல்லாருப்பியா? ஒன் மிசினு என் சோத்தப் பூரா தண்ணியாக்கிட்டு! காலைல எந்திரிச்சு ஆசையா புளிச்சோறு கிண்டிக் கொண்டாந்தேன், பாரு" என்று வாளியை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

ஒரு குச்சி பற்றியிருக்கிறது. தகடு இறங்கி, தண்ணீரும் பாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. நான் சிரித்துக்கொண்டே வாளிக்குள் பார்த்தேன். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தேன். பழைய தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். "ஒன் சமையல நம்பி வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு ரிப்போர்ட் சிவப்பே இல்லாமல் என்னிடம் வருகிறது. நான் முதலில் தேடுவது "விட்டுவிடு" என்ற வரியைத்தான். அது கண்ணில் பட்டதும், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை.