குத்தாலத்துல ஒரு வில்லோ

இலையையும் பூவையும் பாத்து, இந்த மரம் இன்ன குடும்பம்னு சொல்லுதது என் பொழப்பு. கல்யாணத் தரகர்கூட ஏதோ சம்பாதிக்காரு. எங்கிட்ட கேக்குதவங்க முக்காவாசி ஓசி. ஏதாவது ஒண்ணைப் படிச்சுத் தொலைச்சுட்டு, போற எடமெல்லாம் சும்மா பதில் சொல்லுத மக்களே, வாங்க, சேந்து அழுவோம்.

ஒத்தை இலை

போன்ல போட்டோ வரும். மேசையில ஒரே ஒரு இலை, பக்கத்துல காப்பி டம்ளர். மரம் எதுன்னு நான் சொல்லணுமாம். இலை கொப்புல எதிரெதிரா நிக்குதா, மாத்தி மாத்தி நிக்குதான்னு தெரியாம என்னத்தச் சொல்ல? கொப்போட அனுப்புங்கன்னேன். செங்கோட்டையில இருக்குத எங்க சித்தப்பாவுக்குக் கோவம் வந்துட்டு. "ஜோசியன் கைய மட்டும் பாத்து எல்லாத்தையும் சொல்லுதான், உனக்குக் கொப்பு வேணுமாக்கும்!"

கனடா மேப்பிள்

குத்தாலத்துல ரிசார்ட் கட்டுத அண்ணாச்சி ஒருத்தர், "பூராவும் குளிர் நாட்டு மரம், பேர்ப்பலகை எழுதித் தாம்மா"ன்னு கூப்பிட்டாரு. முதல்ல மேப்பிளாம். செவப்பா, கை விரிச்ச மாதிரி இலை. ஆனா மேப்பிள்னா இலை ஜோடி ஜோடியா எதிரெதிரா வரும். இது ஒண்ணு விட்டு ஒண்ணு வந்திருக்கு. காம்பு வேற இலைக்கு நடுவுல போய் ஒட்டியிருக்கு. அடப்பாவிகளா, ஆமணக்கு! செவப்பு ஆமணக்கை எவனோ மேப்பிள்னு அண்ணாச்சி தலையில கட்டியிருக்கான். பதமா எடுத்துச் சொன்னேன். மனுசன் அசரல. "கனடாக்காரனும் வெளக்கெண்ணெய் குடிப்பாம்லா, மேப்பிள்னே எழுது!"

ஓடைக்கரை மரம்

முடியாதுன்னுட்டு ஓடைப்பக்கம் போனேன். கரையில நிக்குத பெரிய ஆத்துப்பாலை மரத்தைச் சாய்க்க ஜேசிபி வந்து நிக்குது. அங்கன வில்லோன்னு குளிர் நாட்டு ஆத்தங்கரை மரம் வைக்கணுமாம், மூணாறுல ஆர்டர் குடுத்தாச்சாம். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. நீட்டு நீட்டு இலை, வால் மாதிரி பூங்கொத்து, பஞ்சு வச்ச விதை.

"அண்ணாச்சி, இதுவே வில்லோதான். நீங்க வாங்குத மரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி"ன்னேன்.

"தானா மொளச்சது எப்படிம்மா வில்லோவா இருக்கும்?"னு சிரிச்சாரு. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டான். நான் மரத்துல முதுகைக் குடுத்து நின்னுக்கிட்டு, போன்ல வில்லோ படத்தைக் காட்டி, தொண்டை வத்தக் கத்தினேன். அண்ணாச்சி ஒரு கொப்பை ஒடிச்சு படத்துப் பக்கத்துல வச்சாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் ஜேசிபியைப் போகச் சொல்லிட்டாரு. அப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு.

"ஆற்றுப்பாலை, வில்லோ குடும்பம்"னு நானே போர்டு எழுதி மாட்டினேன். திறப்பு விழாவுக்குக் கடையத்துலருந்து அண்ணாச்சியோட சம்பந்தி வந்திருந்தாரு. அந்தப் பெரிய மரத்தைத் தட்டிக்கிட்டே அண்ணாச்சி சொல்லுதாரு: "மூணாறுலருந்து லாரியில கொண்டாந்தேன் சம்பந்தி, புளியறை செக்போஸ்ட்ல என்ன பாடு படுத்திட்டான் தெரியுமா!"

நம்ம ஊர்ல ஒரு மரம் வெட்டுப்படாம நிக்கணும்னா, அது வெளியூர்லருந்து வந்ததா இருந்தாத்தான் ஆகும் போலுக்கு.