ஒரே குத்து சிஸ்டர்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவளுக்கு ‘ஒரே குத்து சிஸ்டர்’ என்று பெயர். சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும் குதிகாலில், முதல் குத்திலேயே சோதனைக்கு வேண்டிய ரத்தத்தை எடுத்துவிடுவாள். மற்ற நர்சுகள் இரண்டு மூன்று தடவை குத்திப் பிள்ளையைப் பாடாய்ப் படுத்துவார்கள். அவளுக்கும் அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அவளுக்கே ஏழாம் மாதத்தில் மகன் பிறந்து அதே வார்டுக்கு வந்தான். கண்டவர்கள் கையில் அவனைக் கொடுக்க மனசு ஒப்பவில்லை. எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் தினமும் தானே குத்தினாள். குத்தும்போது அவனை நெஞ்சோடு அணைத்து உட்காரும் வேலையை நாத்தனாரிடம் தள்ளினாள்.

“நீ வெச்சுக்கோ. அத யாரு வேணும்னாலும் செய்யலாம். இத நான்தான் செய்யணும்.”

முதலில் வீறிட்டவன், பிறகு முகத்தை மட்டும் சுளித்தான். கடைசியில் அதுவும் நின்றது. “என் சிங்கக்குட்டிக்கு வலியே தெரியாது” என்று வார்டெல்லாம் பீற்றிக்கொண்டாள். என்ன மண்ணாங்கட்டிப் பெருமையோ!

அவனுக்கு ஆறு வயதானபோது பெரிய டாக்டர் நர்சுகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்.

“அழாத குழந்தைக்கு வலிக்கலன்னு நினைக்காதீங்க. அழுது ஓய்ஞ்சிருக்கும். மரபணு மாறாது. ஆனா அதுல எது வேலை செய்யணும், எது அடங்கணும்ங்கறத, பொறந்ததும் படற வலி மாத்தலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. அம்மா நெஞ்சோட அணைச்சா பாதிப்பு குறையலாம்.”

“அப்புறம் சரியாயிடுமா டாக்டர்?”

“யாருக்குத் தெரியும்?” என்று அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இன்றைக்காவது பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்கு ஓடினாள்.

வாசலில் செருப்பெல்லாம் ரத்தம். மகன் குதிகாலில் கண்ணாடிச் சில்லோடு, சத்தமே இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

“ஏன்டா கண்ணு, யாரையும் கூப்பிடல? குடு, அம்மா எடுக்கறேன். ஒரே நிமிஷம்.”

அவள் கை நீண்டதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“அத்தை எடுக்கட்டும்.”

சமையலறையிலிருந்து ஓடிவந்த நாத்தனார் பழக்கமில்லாத கையால் தோண்டினாள். சில்லு நழுவியது, மறுபடியும் தோண்டினாள். அவன் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “வலிக்குது அத்தை, வலிக்குது” என்று வீடே அதிரக் கத்தி அழுதான்.

தன் மகன் அழும் சத்தத்தை அந்த வார்டுக்குப் பிறகு அவள் கேட்பது இதுவே முதல் தடவை. பஞ்சும் கையுமாக நின்றிருந்தவளை, “அண்ணி, கொஞ்சம் வெளிய இருங்க, புள்ள பயப்படறான்” என்றாள் நாத்தனார்.

அவள் வெளியே போனாள்.