சின்னக் காயந்தானுங்க

பூனைக்குக் கட்டுப் போடுகிற வேலையில் முதலில் கிழிவது கட்டுப் போடுகிறவளின் கைதான். பீளமேட்டில் ஒரு தெருவுக்குள் இருக்கும் பிராணிகள் கிளினிக்கில், பத்து வருஷமாக டாக்டரம்மாவுக்கு உதவியாளாக இருக்கிறேன். முழங்கைக்குக் கீழே கீறல் இல்லாத இடம் என்றால் வாட்ச் கட்டுகிற இடம் ஒன்றுதான். பூனையைத் துண்டில் சுற்றி, ஒருத்தர் தலையைப் பிடிக்க ஒருத்தர் காலைப் பிடிக்க, கடைசியில் மருந்தைத் தன் சட்டையிலேயே தடவிக்கொண்டு நின்ற அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

கீறலுக்கெல்லாம் எனக்குக் கோபம் வராது. நகம் இருக்கிறது, கீறுகிறது. எனக்குக் கோபம் வருவது "சின்னக் காயந்தானுங்க" என்று யாராவது சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தால். அவர்கள் பொய் சொல்வதில்லை. பாதத்தில் ஒரு கண்ணாடிக் கீறல், பிய்ந்த நகம், முள் குத்தல், இவ்வளவுதான் இருக்கும். பக்குவமாகப் பார்த்தால் வீட்டிலேயே ஆறிவிடும். ஆனால் ஒரு கால் இருக்குமா போகுமா என்பது எங்களிடம் வருவதற்கு முன்பே வீட்டில் முடிவாகிவிடுகிறது. நாலு காலோடு பிறந்தது நாலு காலோடு இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதில் தோற்ற கதையும் இதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

கலப்படம் இல்லாத தூள்

ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கல்யாணத்துக்குப் போகிற வழி போலிருக்கிறது, பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கூடைக்குள் வெள்ளை வெளேர் என்று ஒரு பூனை. பின்னங்கால் ஒன்றின் பாதம் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. பிறவியிலேயே அப்படி என்றுதான் நினைத்தேன். தூக்கியதும் கமகமவென்று காப்பி வாசனை அடித்தது. ரத்தம் நிற்பதற்குக் காப்பித்தூளை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அதற்கும் அடியில் மஞ்சள்தூள். அதற்கும் அடியில் தேங்காய் எண்ணெய்.

எல்லாவற்றையும் ஊறவைத்துக் கழுவி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடியில் மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்திக்கொண்டு நின்றது. அதை எடுத்துவிட்டு ஒரு சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிஷம் அழுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இதற்குள் பூனை காலை நக்கி நக்கிக் காப்பித்தூள் முழுக்க வயிற்றுக்குள் போய், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காப்பி பூனைக்கு விஷம். "கண்டதையும் அப்பறதுக்கு முன்னால உள்ள என்ன இருக்குதுன்னு பார்க்க மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் தூளின் தரத்தைப் பற்றிக் குறை சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"சிக்கரி கலக்காத தூளுங்க அம்மணி. ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குக்கூட நாங்க அதைப் போடறதில்லைங்க."

படித்தவர் போட்ட கணக்கு

இவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற இன்ஜினியர். லேப்டாப் பையில் பூனையைப் போட்டு, ஜிப்பைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஓடி வந்தார். முன்னங்காலில் ஒரு நகம் பிய்ந்து தொங்கியது. அதற்கு இந்த ஓட்டம் தேவையில்லையே என்று நினைத்துக்கொண்டே பூனையின் வாயைத் திறந்து பார்த்தால், ஈறு சிவப்பாக இல்லை, பழுப்பாக இருக்கிறது. முகம் வீங்கியிருக்கிறது. வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது. என்ன கொடுத்தீர்கள் என்று மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை கத்தினேன். காய்ச்சல் மாத்திரை, வலிக்கும் என்று கொடுத்தாராம்.

மனிதர்கள் தலைவலிக்குப் போடுகிற அந்த மாத்திரையைப் பூனையின் உடம்பால் முறிக்க முடியாது. ஒரு துண்டு போதும், ஆளை முடித்துவிடும். டாக்டரம்மா மூன்று நாள் ஆக்ஸிஜன் வைத்துப் போராடினார். பிழைத்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் நகத்தைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட இல்லை, அது பாட்டுக்குத் தானாக ஆறிவிட்டது. கிளம்புகிற அன்றைக்கு, எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

"நெட்டுல நாய்க்குக் குடுக்கலாம்னு போட்டிருந்துச்சுங்க. பூனை நாயில பாதிதானேன்னு பாதி மாத்திரை குடுத்தேனுங்க."

சூடான சோறு

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை டாக்டரம்மா இருக்க மாட்டார். போன் என் கையில். சின்னக் காயம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மாவே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவு. விரல் இடுக்கில் ஏதாவது குத்தியிருக்கிறதா பார். சுத்தமான துணியால் ஒற்றி எடு. கட்டுப் போடாமல் விட்டாலே நல்லது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தளர்வாகப் போடு, காலையும் சாயங்காலமும் அவிழ்த்துப் பார். வீங்கினாலோ, ஒரு நாளுக்கு மேல் நொண்டினாலோ தூக்கிக்கொண்டு வா. வேறு பூனையோ நாயோ கடித்தது என்றால் வீட்டில் வைத்துக்கொண்டே இருக்காதே.

முதல் வருஷமெல்லாம் இதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். எதிர்ப்பக்கம் இருப்பவர் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்குள் நெரிசலில் நின்றுகொண்டு "ஹலோ, ஹலோ, இப்பச் சொல்லுங்க" என்பார். மறுபடியும் முதலிலிருந்து சொல்வேன். இன்னொருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மஞ்சத்தூள் போட்டுக்கலாமுங்களா?" என்பார். எரிச்சல் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள். எவனும் கேட்கப் போவதில்லை, எதற்குத் தொண்டைத் தண்ணீர் வற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "உப்புத் தண்ணியில கழுவுங்க. அவுந்து போகாம நல்லாக் கட்டி விடுங்க. நனைய விடாதீங்க." போனை வைத்துவிடுவேன். கூண்டு கழுவுகிற சரசக்கா என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஒரு நாள் சொன்னார்:

"முன்னயெல்லாம் நீ போன் பேசி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும் கண்ணு. இப்பெல்லாம் சூடாவே திங்கற."

வார்னிஷ் போட்ட கட்டு

மருதாசலம் என்பவர் கணபதிப் பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, அது அசையாதபடி பருத்தி டேப்பால் இறுக்கிக் கட்டி, ஈரம் புகாமல் இருக்க வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிற தொழில். அட்டைப் பெட்டிக்குள் தன் சட்டையையே விரித்து, அதில் செல்லாத்தா என்கிற சாம்பல் நிறப் பூனையைக் கொண்டுவந்தார். பட்டறையில் எலி அண்டாமல் பார்த்துக்கொள்வது அதுதானாம். தரையில் கிடந்த செம்புக் கம்பித் துண்டு முன்னங்கால் பாதத்தில் குத்தி, ஐந்து நாள் ஆகிறது என்றார். சின்னக் காயந்தானுங்க என்றார்.

பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் நெடி. காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பத்து வருஷத்தில் அவ்வளவு சுத்தமான கட்டை நான் பார்த்ததில்லை, நான் போட்டதும் இல்லை. விரல் நுனி வெளியே தெரியாமல், ஒரு சுற்றின் மேல் ஒரு சுற்று பிசகாமல், மேலே வார்னிஷ் பூசிப் பளபளவென்று கல் மாதிரி இறுகியிருந்தது. கத்திரி முனை உள்ளே நுழையவில்லை. கட்டுக்கு மேலே கால் உருண்டு வீங்கியிருந்தது. செல்லாத்தா கத்தக்கூட இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காப்பித்தூள், மாத்திரை என்று யார் யார் மீதோ சேர்ந்திருந்த ஆத்திரத்தை எல்லாம் அந்த ஒரு மனிதர் தலையில் கொட்டினேன். "மோட்டாருக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா உங்களுக்கு? இதுக்குள்ள ரத்தம் எப்படிங்க ஓடும்? அஞ்சு நாளா ஒருக்காகூட அவுத்துப் பார்க்கத் தோணலையா? எந்த முட்டாளுங்க உங்களுக்கு இப்படிக் கட்டச் சொன்னது?" அவர் குரலை உயர்த்தவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைத் திருத்தவே சங்கடப்பட்டவர் போலச் சொன்னார்.

"நீங்கதானுங்க. போன வெள்ளிக்கிழமை மத்தியானம், போனுல. அவுந்து போகக்கூடாது, நனையக்கூடாதுன்னு சொன்னீங்க."

மூன்று நாள்

டாக்டரம்மா கட்டை வெட்டி எடுத்தார். காயம் இருந்த இடத்தை முதலில் கண்டுபிடிக்கவே முடியவில்லை, அவ்வளவு சிறியது. பாதம்தான் சில்லிட்டு, நிறம் மாறி, அழுகின வாசனை அடித்தது. விரலை ஊசியால் தொட்டால் இழுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் திரும்புகிறதா பார்ப்போம் என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். மணிக்கு ஒரு தடவை நான் போய் அந்தப் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தேன். சூடு வந்திருக்கிறதா, இம்மியாவது வந்திருக்கிறதா என்று. வரவில்லை. மூன்றாம் நாள் அந்த முன்னங்காலை எடுத்துவிட்டார்.

போனில் நான் என்ன சொன்னேன், என்னவெல்லாம் சொல்லாமல் விட்டேன் என்பதை டாக்டரம்மாவிடம் மறைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மருதாசலமாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், வாய்க்கு எனக்குக் குறைச்சலில்லை. அந்த மனிதர் தினமும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார், கூண்டு ஓரம் உட்கார்ந்து "செல்லாத்தா, செல்லாத்தா" என்று கூப்பிட்டார், "வாரேனுங்க" என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. ஒரு வார்த்தை கடிந்து பேசினால் என்ன, குறைந்தா போய்விடுவார்? அவர் திட்டாத ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று தையலுக்கு மேல் நான்தான் கட்டுப் போட்டேன். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் கையைப் பார்க்கிற மாதிரி மருதாசலம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தளர்வாக விட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தவள், மிச்சத் துணியைச் சுருட்டி வைத்தேன். செல்லாத்தாவை வாங்கி, அதே அட்டைப் பெட்டிக்குள் சட்டை மேல் படுக்கவைத்துவிட்டு, கும்பிடுவது போலக் கையைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கட்டை எப்ப அவுக்கோணும்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க அம்மணி."

இந்தப் பத்து வருஷத்தில் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே செய்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான், அதற்குத்தான் செல்லாத்தா மூன்று காலோடு நடக்கிறது.