மத்தியானக் குளிப்பு

ஓய்வுபெற்ற பிறகு என் கணவர் மத்தியானம் சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்கத் தொடங்கினார். அரைமணி ஒரு மணியாகி, இரண்டையும் தாண்டியது. அந்த நேரம் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், "அவர் குளிக்கிறார், பிறகு எடுங்கோ" என்பேன். பகலில் படுக்கிற ஆம்பிளைக்கு எங்கள் ஆட்கள் உடனே சோம்பேறிப் பட்டம் கட்டிவிடுவார்களே! நாங்கள் குடியிருக்கிற மல்கிரேவில் எங்களைத் தெரிந்த பாதிப் பேர் இந்த மனிசன் நாள்தோறும் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறார் என்றே நம்பினார்கள். ஒருவர் அக்கறையாக, தோல் வருத்தம் ஏதுமோ என்றுகூடக் கேட்டார்.

பொய் பழகிவிட்டால் வாய் தானாகவே திறக்கும். வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தோம். டொக்டர் எங்கள் ஆட்களின் பிள்ளை. அவளுடைய தாயும் நானும் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள்.

"அங்கிள் பகலிலை படுக்கிறவரோ?"

"சீச்சீ, கண்ணே மூடமாட்டார்" என்று நான் முந்திக்கொண்டேன். அவரும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சிவப்பு விளக்கில் நின்ற எங்கள் கார் பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனிசன் நித்திரை! தோளில் அடித்து எழுப்பினேன்.

"கண்ணை மூடி யோசிச்சனான்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பக்கத்து சீற்றில் இருத்திவிட்டு, காரை நானே ஓட்டிக்கொண்டு நேரே டொக்டரிடம் போனேன்.

"மகள், அண்டைக்கு நான் சொன்னது முழுப் பொய். ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை படுக்கிறார். கூடிக்கொண்டே போகுது."

அவள் ஏசவில்லை. "கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தால் பரவாயில்லை அன்ரி. இந்த வயசிலை பகல் நித்திரை கூடிக்கொண்டு போனால், ராத்திரி நித்திரை சரியோ எண்டு பாக்கவேணும். மூச்சு நிண்டு நிண்டு வரலாம். அது இதயத்துக்குக் கூடாது."

பரிசோதித்ததில் அதேதான். குறட்டை விட்டால் நல்ல நித்திரை என்று நினைத்து, நான் இத்தனை காலமும் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்திருக்கிறேன். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

இரவில் போடுகிற மூச்சுக் கருவி வர ஒரு கிழமை ஆகும் என்றார்கள். அதுவரை கார் ஓட்டக்கூடாது. முதல் நாள் மத்தியானம் அவர் சோபாவில் சரிந்ததும் ரீவியை நிறுத்திவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். குறட்டை வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. நெஞ்சைப் பார்த்தேன், அசையவில்லை. பிடித்து உலுக்கினேன்.

திடுக்கிட்டு எழும்பினார். "உமக்கென்ன விசரோ? மனிசரைக் கொஞ்ச நேரம் படுக்க விடமாட்டீரோ?"

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் ஏசி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.